வெள்ளிக்கிழமைத் தேர்வு

முதுகெலும்பில் தட்டு விலகிய பிறகு நவ்வாஃப் லாரி ஓட்டவில்லை. அகபா துறைமுகத்துக்கு வெளியே இருந்த லாரி நிலையத்தில், எந்த வண்டி எப்போது சரக்கேற்றப் போகலாம் என்று முறை சொல்லும் வேலை கிடைத்தது. சரக்குப் போக்குவரத்து மேலாண்மையில் சான்றிதழ் இல்லாதவர்களைக் கோடைக்குப் பிறகு வைத்துக்கொள்வதில்லை என்று நிர்வாகம் அறிவித்ததும், இணையத்தில் படிக்க ஆரம்பித்தான். தேர்வில் ஒருமுறை தோற்றான். இது கடைசி வாய்ப்பு. இந்த நாற்காலி வேலை போனால் ஸ்டியரிங்குக்குத் திரும்பவும் முடியாது.

அவன் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அபூ ஸகரின் மூத்த மகன் பாலைவனச் சாலையில் வண்டி கவிழ்ந்து இறந்தான். ஒரே பாதையில் பல வருடம் முன்னும் பின்னுமாக லாரி ஓட்டியவர்கள் நவ்வாஃபும் அபூ ஸகரும். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கான கூடாரம் மூன்று நாள் இருந்தது. நாளைக்குப் போகலாம் என்று நவ்வாஃப் புத்தகத்தைப் புரட்டினான். மறுநாளும் அப்படியே. பெண்கள் பக்கம் போய்வந்த மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"உங்களைத்தான் எல்லாரும் கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

வீட்டில் பிள்ளைகள் சத்தம். வெள்ளிக்கிழமை நிலையம் ஓய்ந்திருக்கும் என்று தேர்வை அலுவலக அறையிலேயே வைத்துக்கொண்டான். காவலாளி ஃபவ்ஸான் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னடா, சட்டைக்கு இஸ்திரியெல்லாம்? பொண்ணு பாக்கப் போறியா?"

"பரீட்சை முடியிறவரைக்கும் கம்ப்யூட்டர் கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பாங்கண்ணே. இன்னொருத்தர் தலை தெரியக் கூடாது. பேச்சுச் சத்தம் கேக்கக் கூடாது. யாரையும் விட்றாதீங்க."

பாதிக் கேள்விகள் முடிந்திருந்தன. கதவு திறந்தது. சவரம் செய்யாத முகத்தோடு அபூ ஸகர். பின்னால் ஃபவ்ஸான் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

மகனைப் புதைத்தவர் உள்ளே வரும்போது உட்கார்ந்திருப்பது எப்படி என்று நவ்வாஃபுக்குத் தெரியாது. யோசிப்பதற்குள் உடம்பு எழுந்துவிட்டது. இடுப்பில் சுரீரென்றது.

"அல்லா உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கட்டும்ணே."

கையை நீட்டினான். அபூ ஸகர் அந்தக் கையைப் பார்த்தார்.

"கூடாரத்தைப் பிரிச்சாச்சு, நவ்வாஃப்."

"படிப்பு… வர முடியலண்ணே."

"படி, படி. காப்பி ஆறிப் போச்சுன்னா மறுபடி சூடு பண்ணலாம். நேரம் தவறி வந்த ஆறுதலை என்ன பண்றது?" குரல் உயரவில்லை. "என் முறை எப்பன்னு கேக்கத்தான் வந்தேன்."

கணினித் திரை சிவந்தது. அறையில் வேறொருவர் இருப்பதால் தேர்வு ரத்து செய்யப்பட்டதாக எழுத்துகள் வந்தன.

"என்னடா அது?" என்றார் அபூ ஸகர்.

"ஒண்ணுமில்லண்ணே. தவ்ஃபீக் வண்டிக்கு அப்புறம் நீங்க."

அபூ ஸகர் தலையசைத்துவிட்டுப் போனார். நீட்டிய கையை நவ்வாஃப் அப்போதுதான் இறக்கினான்.

"அவரை நான் எப்படிடா தடுப்பேன்? நீயே சொல்லு" என்றார் ஃபவ்ஸான்.

"நானா இருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன்."

கோடை முடியச் சில வாரங்களே இருந்தன. ஜன்னலைத் திறந்து, தவ்ஃபீக்கை வண்டி எடுக்கச் சொன்னான்.