தவளைக் கட்டத்தில் என்ன எழுதுவது?

பூங்கோதைக்கு வாய் சும்மா இருக்காது. மாயவரத்துக்காரி, தில்லிக்கு வந்து எங்கள் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் முடியப்போகிறது. வேலை நிரந்தரமாக, எங்கள் அதிகாரி வெங்கடராமன் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரம் பார்த்தா இவள் தவளையைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டும்?

1983 மழைக்காலம். அருகிவரும் பிராணிகளை ஒப்பிட்டு எங்கள் பிரிவில் ஒரு அட்டவணை தயாரித்தோம். ஒரு பக்கம் வெளிமான், மறுபக்கம் பெரிய பச்சைத் தவளை. காட்டில் மிச்சமுள்ள மான்கள் எத்தனை என்று தலையெண்ணிக் கணக்கு வந்திருந்தது. தவளைக்கு வந்ததோ, வெளிநாட்டார் சாப்பிட ஏற்றுமதியான கால்களின் எடை மட்டும்.

"ஏன் விஜயா, மானை எண்றாங்க, தவளையை மட்டும் ஏன் நிறுக்கறாங்க?" என்று என்னைக் குடைந்தாள்.

"எனக்கென்னடி தெரியும்? பேசாம வேலையைப் பாரு."

கேட்டால்தானே! மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கிட்வாய் நகர் சாக்கடையோரம் ஒரு தவளையைப் பிடித்து, டிபன் டப்பாவில் போட்டு, காய்கறி வண்டிக்காரரிடம் நீட்டினாள். "பையா, ஜரா தோல் தோ," கொஞ்சம் எடை போட்டுக் கொடுங்கள் என்று இந்தியில் கேட்டாள். அவர் தலையிலடித்துக்கொண்டு நிறுத்தார். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஏற்றுமதி எடையை வகுத்து எத்தனை தவளை என்று பார்க்க, அதன் பின்னங்கால்கள் மட்டும் எத்தனை கிராம் என்று தெரிய வேண்டுமே? வெட்டினால்தான் தெரியும். வெட்ட மனசு வராமல் விட்டுவிட்டாள். அப்படியே கண்டுபிடித்தாலும் செத்ததைத்தான் எண்ணலாம், இருப்பதை எண்ண முடியாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திங்களன்று 'மிச்சமுள்ள எண்ணிக்கை' என்ற கட்டத்தைத் தவளைக்குக் காலியாக விட்டு அட்டவணையை அதிகாரி மேஜையில் வைத்தாள். எங்கள் ஆபீசில் காலிக் கட்டம் ஆகாது. விவரம் இல்லையென்றால் 'நில்' என்று, அதாவது இங்கிலீஷில் 'ஒன்றுமில்லை' என்று, எழுதிவிடுவோம். நானே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன்.

"நில் போடும்மா, ஜல்தி," என்றார் வெங்கடராமன்.

"போட்டா ஒண்ணுகூட மிச்சமில்லேன்னு ஆயிடும் சார். நேத்துதான் ஒண்ணைக் கையில பிடிச்சேன்."

"உன் கன்ஃபர்மேஷன் என் மேஜைலதான் இருக்கு, ஞாபகமிருக்கா?"

அவள் பேனாவை அவர் முன்னால் வைத்தாள். "உயிரோட இருக்கறதை இல்லேன்னு என் கையால எழுத மாட்டேன். நீங்க வேணா எழுதிக்குங்க சார்."

அவர் பேனாவை எடுத்தார். கட்டத்தின் மேல் கை அப்படியே நின்றது. கடைசியில் 'கணக்கெடுக்கவில்லை' என்று எழுதினார். பிறகு பூங்கோதையின் கன்ஃபர்மேஷன் தாளை இழுத்து, 'ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்' என்று அதிலும் எழுதினார்.