என் பிஸ்டலை ஒப்படைத்த கதை

என்னிடம் இருந்த பிஸ்டலுக்கு என்னைவிட சர்வீஸ் அதிகம். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார கேப்டனின் இடுப்பில் தொங்கி இரண்டு சண்டைகளைப் பார்த்தது அது. முதல் யுத்தம் முடிந்து பஸ்ராவில் கப்பல் ஏறும்போது அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார் அவர். நான் காட்டிய வீரத்துக்காக அல்ல. அவருடைய குதிரைக்கு வயிற்றுவலி கண்டபோது பக்கத்திலேயே கிடந்து கசாயம் புகட்டிப் பிழைக்க வைத்திருந்தேன், அதற்காக. பட்டாளத்தில் என் வேலையே கோவேறு கழுதைகளுக்குத் தீனி போடுவதுதான். துப்பாக்கிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்டதும் கழுதைகளோடு சேர்ந்து நானும் மிரண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் ராசிபுரத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லைசென்ஸ் வாங்கி, வேட்டியின் மேல் தோல் பெல்ட்டும் உறையுமாக நான் கடைவீதியில் நடந்தால் போதும், வழி விட்டார்கள். ஜமேதாராக ஓய்வு பெற்ற என்னை ஊரே கூடி சுபேதாராக உயர்த்தியது. கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பஞ்சாயத்து நடந்தால் ஓரமாக ஒரு நாற்காலி போடுவார்கள். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, இடுப்பு தெரிகிற மாதிரி உட்கார்ந்தால் போதும்.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அடுத்த யுத்தமும் வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு காலையில் நெய்க்கடைக்காரர் என் வீட்டு வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏனுங்க சுபேதாருங்களே, வெசையா வாங்க! வெறிநாய் ஒண்ணு வீதியில பூந்துருச்சுங்க. வாயெல்லாம் நுரைங்க!"

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, ஒரு தடியெடுத்துட்டுப் போனாப் போதாதுங்களா?" என்றாள்.

அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோட்டாக்களைத் தேடினேன். அவை ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் இருந்தன.

வீதியில் இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. எல்லா ஜன்னலிலும் கண்கள். நடுவில் அந்த நாய், வாயில் வெள்ளை நுரையோடு என்னைப் பார்த்து நின்றது. கேப்டன் நிற்பதைப் பார்த்திருக்கிறேன் அல்லவா, அதே மாதிரி ஒரு காலை முன்வைத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடினேன். சுடும் நேரத்தில் இன்னொரு கண்ணும் தானாக மூடிக்கொண்டது.

கண்ணைத் திறந்தபோது நாய் அப்படியே நின்றிருந்தது. நெய்க்கடை வாசலில் இருந்த பெரிய தகரத்தில் ஓட்டை விழுந்து, உருக்கிய நெய் தெருவில் ஒழுகிக்கொண்டிருந்தது. நாய் சாவதானமாக நடந்து போய் அதை நக்கத் தொடங்கியது. வாலும் ஆடியது.

அதே நேரத்தில் பின்வீதியிலிருந்து ஒரு அம்மாள் விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். "சனியன் புடிச்ச நாயி! என் மோர்ச்சட்டியில வாய வெச்சுட்டு ஓடியாந்துருச்சுங்க!"

ஜன்னல்களுக்குப் பின்னால் சிரிப்பு கிளம்பியது. அடக்கத்தான் பார்த்தார்கள், பாவம். முடியவில்லை.

நெய்க்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போனார். "தகரம் போனாப் போவுதுங்க. அதுக்கு ஒண்ணும் தர வேண்டாம். ஆனா சாமி, உங்களுக்கும் வயசாச்சு, அதுக்கும் வயசாச்சு. அதக் கொண்டுபோயி சர்க்கார்ல குடுத்துருங்க. அந்தத் தகரத்துக்குப் பக்கத்துலதானுங்க நான் நின்னேன்."

தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்பினேன்.

ஆனாலும் மறுநாள் சேலத்துக்கு பஸ் ஏறும்போது மனசு மெல்லத் தேறிவிட்டது. புது யுத்தத்துக்கு ஆயுதம் வேண்டியிருக்கும், என் பிஸ்டலைப் போர்முனைக்கு அனுப்புவார்கள், ஒருவேளை அனுபவசாலி என்று என்னையும் கேட்பார்கள் என்றெல்லாம் எண்ணம் ஓடியது. ஒப்படைக்கும்போது பேச நாலு வரி தயார் செய்தேன்.

போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஒரு ஏட்டு வடை தின்றுகொண்டிருந்தார். நான் விறைப்பாக நின்று, நாய்ச் சண்டையையும் கணக்கில் சேர்த்து, "மூன்று சண்டைகளில் ராஜ சேவை செய்த ஆயுதம் இது" என்று ஆரம்பித்தேன்.

"அப்படி வைங்க" என்றார் அவர். இடது கையால் பிஸ்டலைத் தூக்கிக் குழாய் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். "என்ன எண்ணெய் போட்டீங்க?"

"தேங்காயெண்ணெய்."

"தலைக்குப் போடறதா?" என்று கேட்டுவிட்டு, ஒரு அட்டையைக் கட்டி, மூலையிலிருந்த சாக்கில் போட்டார். "இதுக்குத் தோட்டாவே இப்ப வாரதில்லீங்க. உருக்கறதுக்குத்தான் போவும்."

பேச்சின் மீதி வரிகள் மறந்துவிட்டன. ஏதாவது பெரிதாகச் செய்யவேண்டும் என்று தோன்றியதால் இடுப்பிலிருந்த பெல்ட்டையும் உறையையும் கழற்றி மேஜைமேல் வைத்தேன். "அது வேண்டாங்க" என்றார் அவர். "இருக்கட்டும்" என்று சொல்லி ஒரு சல்யூட் அடித்து வெளியே வந்துவிட்டேன்.

தெருவுக்கு வந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. இருபது வருஷமாக என் வேட்டி நின்றதே அந்த பெல்ட்டால்தான். இறுக்கிக் கட்டுவது எப்படி என்பதே எனக்கு மறந்திருந்தது. திரும்பிப் போய்க் கேட்க வெட்கம். ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி பஸ் நிலையம்வரை நடந்தேன்.

பெட்ரோல் பஞ்சத்தால் கரி வாயுவில் ஓடிய யுத்தகாலத்துக் கரி பஸ். மல்லூர் தாண்டி ஒரு மேட்டில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நான் ஒரு கையால் தள்ளினேன். கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க பெருசு, இன்னொரு கைக்கு என்ன நோவு? ரெண்டு கையும் போட்டுத் தள்ளுங்க!"

அந்தக் குரலில் அதிகாரம் இருந்தது. பட்டாளத்துப் பழக்கம், உடனே கீழ்ப்படிந்துவிட்டேன். பஸ் கிளம்பியது. வேட்டி ரோட்டிலேயே தங்கிவிட்டது. உள்ளே பழைய காக்கி அரைக்கால் சட்டை போட்டிருந்ததால் மானம் முழுக்கப் போகவில்லை, பாதிதான் போயிற்று.

வேட்டியை எடுத்துக்கொடுத்தவர் ராசிபுரத்து நெசவாளர் ஒருவர். முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், தம் மூட்டையிலிருந்து நூலை உருவி, நாலைந்து புரியாக முறுக்கி என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். "பயப்படாதீங்க, அறாதுங்க" என்றார். பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாவு நூலைக் கஞ்சியில் நனைப்பது பற்றி அவர் சொன்னதையெல்லாம் ஊர்வரை கேட்டுக்கொண்டு வந்தேன். நான் யாரென்று அவர் கேட்கவே இல்லை. அது கொஞ்சம் சங்கடமாகவும், நிறைய நிம்மதியாகவும் இருந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி சிரித்துச் சிரித்து, குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் சொன்னபோது அந்த மேடு வெறும் மேடாகத்தான் இருந்தது. கடைவீதியில் மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்ல அது மலையாகிவிட்டது, பஸ்ஸை நான் ஒருவனாகவே தள்ளியிருந்தேன்.