எட்டு நாள் குச்சி

இப்போதெல்லாம் வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கம் பார்க்கிறார்கள், வாஸ்து பார்க்கிறார்கள், பஸ் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் முதலில் கரையானைத்தான் பார்ப்பார்கள். எங்கள் செம்மண் அப்படிப்பட்ட மண். மூலையில் போட்ட பாயை மறந்துவிட்டுப் பத்து நாள் கழித்து எடுத்தால் பாதிப் பாய்தான் கையோடு வரும். மீதியை அது தின்றிருக்கும்.

அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஆசாரி வந்து, பச்சை மாங்குச்சி நாலை ஒரு சாண் அளவுக்குச் சீவி, வடிகஞ்சியில் நனைத்து, வீட்டின் நாலு மூலையிலும் மண் தரையில் ஊன்றி மூடிவிட்டுப் போவார். எட்டாம் நாள் இரண்டு தரப்பும் கூடி நிற்கப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். குச்சி சுத்தமாக இருந்தால் மேற்கொண்டு விலை பேசுவார்கள். அரித்திருந்தால் விற்கிறவரும் வாங்குகிறவரும் கும்பிடு போட்டுப் பிரிந்துவிடுவார்கள். யார் மேலும் வருத்தம் கிடையாது.

எனக்கு அப்போது எட்டு வயது. நானும் என்னைப் பெற்ற ஆத்தாவும் மாமா வீட்டில் இருந்தோம். அப்பா மலேயாவில், ஈப்போவில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது மூன்று வயதில். முகம் ஞாபகம் இல்லை. என்னைத் தூக்கி உயரே போட்டுப் பிடித்த இரண்டு கைகள் மட்டும் ஞாபகம் இருந்தது. அதுவும் ஆத்தா சொல்லிச் சொல்லி வந்த ஞாபகமா என்று இன்றுவரை தெரியாது.

மாமா நல்லவர். சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். அத்தையும் கெட்டவள் இல்லை. ஆனால் ஆத்தா அடுக்களையில் எந்தச் சட்டியைத் திறந்தாலும் அத்தை ஒரு தரம் எட்டிப் பார்ப்பாள். ஆத்தாவும் அது தெரிந்து, திறப்பதற்கு முன்னாலேயே என்ன எடுக்கப்போகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிடுவாள். உப்பு எடுக்கக்கூடச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். எனக்கு அது விளையாட்டு போல இருந்தது. நானும் அப்படியே சொல்லிப் பார்ப்பேன், ஆத்தா முதுகில் ஒன்று வைப்பாள்.

அப்பாவிடமிருந்து கடிதம் வந்தால் நான்தான் வாசிக்க வேண்டும், ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்த வருஷம் வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. சொந்தமாக ஒரு வீடு மட்டும் அமைந்துவிட்டால் அடுத்த கப்பலிலேயே புறப்பட்டு வந்துவிடுவேன், அக்கரைச் சோறு போதும் என்று எழுதியிருந்தார். ஆத்தா அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். எனக்கு வாய் வலித்தது. ஆனாலும் ஒரு விஷயம் நன்றாக விளங்கிவிட்டது. வீடு வந்தால் அப்பா வருவார்.

வீடு பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. சின்ன ஓட்டு வீடு, இரண்டே அறை, பின்னால் கிணறு. தெருவுக்கே அதுதான் நல்ல தண்ணீர்க் கிணறு, கொல்லைப் படல் எப்போதும் திறந்தே கிடக்கும். வீட்டுக்காரர் தனிக்கட்டை. பெண்சாதி போனபிறகு மதுரையிலிருந்த மகனோடு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். ஆத்தா அங்கே தண்ணீருக்குப் போனால் குடம் நிறைந்த பிறகும் நின்றுகொண்டிருப்பாள். ஒருநாள் கொல்லைக் கதவு வழியாக உள்ளே பார்த்து, "இங்கிட்டு அடுப்பு, அங்கிட்டு நெல்லுப் பத்தாயம்" என்று முணுமுணுத்தாள். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன். உன் அப்பாவிடம்தான் என்றாள்.

மாமாதான் ஆசாரியைக் கூட்டிவந்தார். ஆசாரி நிலைப்படியில் விரல் முட்டியால் தட்டினார், உத்தரத்தில் காதை வைத்துக் கேட்டார். அப்புறம் குச்சிகளை ஊன்றினார். எனக்கு அது பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரிப் பட்டது. வீடு பாஸாக வேண்டும், அவ்வளவுதானே?

ஏழாம் நாள் மத்தியானம் செம்பைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வீட்டுக்காரர் முன்பக்கம் விசிறியோடு அயர்ந்திருந்தார். உள்ளே நுழைந்து ஒவ்வொரு மூலையாகக் கையால் தோண்டினேன். முதல் இரண்டு குச்சியும் வைத்தபடியே இருந்தன, மூடிவிட்டேன். மூன்றாவதை இழுத்தபோது அது குச்சியாகவே இல்லை. மேலே மண் கூடு, உள்ளே பொக்கு, வெள்ளை வெள்ளையாக அதுகள் ஓடின. நாலாவதும் அப்படியே. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கப்பல் ஒன்று கண்ணெதிரே திரும்பிப் போகிற மாதிரி இருந்தது.

கிணற்றடியில் ஒரு வேப்பமரம் நின்றது. தினமும் பல் துலக்க ஒடிக்கிற மரம். இரண்டு குச்சியை ஒடித்து, சாண் போட்டுப் பார்த்து, பல்லால் தோலை உரித்து, அந்த இரண்டு மூலையிலும் ஊன்றி மண்ணைத் தள்ளி மிதித்தேன். அரித்ததை வேலிக்கு அப்பால் வீசினேன். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்கு விடை சொல்லிக்கொடுத்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து இரண்டு வாய் சோறு கூடவே சாப்பிட்டேன்.

எட்டாம் நாள் காலையில் எல்லோரும் கூடினோம். ஆத்தா தலை முழுகி, பெட்டியிலிருந்து எடுத்த சேலை கட்டியிருந்தாள். ஆசாரி முதல் குச்சியைப் பிடுங்கி மாமாவிடம் காட்டினார். சுத்தம். இரண்டாவதும் சுத்தம். ஆத்தா என் தோளை அழுத்திப் பிடித்தாள். மூன்றாவதைப் பிடுங்கிய ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். நுனியைக் கடித்துத் துப்பினார்.

"இது நான் ஊனுன குச்சி இல்லைங்க. நான் ஊனுனது மாங்குச்சி. இது வேம்பு. வேம்பைக் கரையான் தொடாது."

நாலாவதும் வேம்பு. மாமா முகம் கறுத்துவிட்டது. அவர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். பெரிய மனுஷன், பிள்ளை குட்டி பெற்றவர், ஒரு பொம்பளை அக்கரைக் காசில் வாங்குகிற வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று நிதானமாகத்தான் கேட்டார். வீட்டுக்காரர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பயம்தான், வேறென்ன?

ஆத்தா குனிந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"அவுகளை ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. நாந்தான் மாத்தி வச்சேன். இந்த வீடு கைய விட்டுப் போயிருமோன்னு பயமா இருந்துச்சு."

ஆசாரி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். மாமா வீட்டுக்காரரைப் பார்த்துக் கைகூப்பினார், மன்னிக்கணும் என்றார். ஆத்தாவைப் பார்த்து, "கூடப் பொறந்தவனையே ஏமாத்தப் பாத்தியே" என்றார். அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமா அப்பாவுக்கு எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்து வந்த கடிதம் மாமா பெயருக்கு வந்தது, அதை வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை. ஆத்தாவை நம்பி ஒரு காரியத்தில் இறங்க இனி முடியாது என்று மாமா நாலு பேரிடம் சொன்னார், வேறு வீடு பார்க்கவும் இல்லை. அத்தை, உப்புக்கு எட்டிப் பார்த்ததுபோக, உப்பு ஜாடியையே இடம் மாற்றி வைத்தாள். அப்பா ஊருக்கு வந்தது என் கல்யாணத்துக்கு. பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்தக் கைகளை அப்போது உற்றுப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆத்தா மாமா வீட்டிலேயேதான் கண்ணை மூடினாள். இந்த வயதிலும் அந்த வீடு எனக்கு நினைவுக்கு வருகிறது. அதில் ஒருநாள்கூட நாங்கள் குடியிருந்ததில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மாமா வேகமாக முன்னால் போய்விட்டார். நானும் ஆத்தாவும் பின்னால் நடந்தோம். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஆத்தா சொன்னதை நான் அப்படியே நம்பிவிட்டேன். நான் வைத்துவிட்டு வந்தபிறகு அவளும் போய், என்னுடையதைப் பிடுங்கிப்போட்டு, தன்னுடையதை வைத்திருக்கிறாள். அப்படியானால் மாட்டியது அவள் குச்சி, என் குச்சி இல்லை. ஆசைப்பட்ட மனசு எதைத்தான் நம்பாது! கொஞ்ச தூரம் போவதற்குள் எனக்கு அவள்மேல் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆள், இதுகூடவா சரியாகச் செய்யத் தெரியாது?

நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டும்விட்டேன்.

"ஏன் ஆத்தா, வேப்பங்குச்சிய வச்சே? மாங்குச்சியே வச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

ஆத்தா என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வெயில் என்று நினைத்தேன்.

"ஆமா தாயி, புத்தி கெட்டுப் போச்சு" என்றாள். "அடுத்த வீட்டுக்கு மாங்குச்சியாவே வைப்போம்."

சரி, போனால் போகிறது என்று நான் அவளை மன்னித்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அடுத்த வீடு எந்தத் தெருவில் இருக்கும், அதில் கிணறு இருக்குமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். அவளும் ஒவ்வொன்றுக்கும் இருக்கும், இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.