ஊமைப்படத்துக்கு மாமா சொன்ன கதை

நான் நாலாவது படித்த வருடம், பல்லடத்தில் எங்கள் பங்குக் கோவில் மண்டபத்தில் ஒரு ஊமைப்படம் போட்டார்கள். குடும்பங்களுக்கான ஞாயிறு அது. வசதிக்கு ஆசைப்பட்டுக் கணவனை விட்டுப் போகும் ஒரு மனைவியின் கதை என்று திருப்பலி முடிந்ததும் சாமியார் அறிவித்தபோது, பெண்கள் பக்கம் பல பேர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. அம்மாவும் நானும் பதினைந்து நாளாகத் திருப்பூரில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா அம்மாவுடைய அண்ணன். பனியன் கம்பெனி வைத்திருந்தார். வீடு முழுக்க மார்பிள், ஏசி அறை, கார். அப்பா கூலிக்குத் தறி ஓட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவுக்கும் அவர் பக்கத்துத் தறிதான். வசதியைக் கண்டதும் அங்கேயே தங்கிவிட்டாள் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன். எனக்கு மாமா வீட்டு ஃபிரிட்ஜும் அதிலிருந்த ஐஸ்கட்டியும் ரொம்பப் பிடித்திருந்தன. அம்மா திரும்பிப் போய்விடக் கூடாது என்று மாதா படத்தின் முன்னால் தினமும் முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன்.

படத்தில் இடையிடையே வரும் எழுத்தெல்லாம் ஆங்கிலம். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் ஆங்கிலத்தில் பேசுகிறவர் என்பதால், எங்களைக் காரில் கூட்டி வந்திருந்த மாமாவிடம் சாமியார் மைக்கைக் கொடுத்தார். மாமா கணீரென்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். வேலையே கதி என்று கிடக்கிற கணவன். முத்துமாலையோடு வருகிற பணக்காரன். மனைவி பெட்டியோடு படியிறங்கிப் போகிறாள். கடைசியில் கணவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவள் வாசலில் வந்து நிற்கிறான். எழுத்து வந்தது. நான் செய்தது பாவம், என்னை மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மனைவி கெஞ்சுவதாகச் சொன்னார் மாமா.

அம்மா எழுந்து நின்றாள்.

"இல்லீங்ணா. வாயசைக்கறது அவனாச்சுங்களே. மன்னிப்புக் கேக்கறவன் அவன்தானுங்க."

தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. ஒருவர் வாயை ஒருவர் பார்த்தும் கையைக் காட்டியும்தான் அங்கே பேசிக்கொள்வார்கள். பன்னிரண்டு வருடம் அப்படிப் பழகியவளிடம் போய் மாமா கதையை மாற்றியிருக்கிறார். தங்கையை வீட்டுக்குப் போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அத்தைக்கோ அந்தப் பதினைந்து நாள் கொஞ்சம் நீளமாகப் பட்டிருக்கிறது.

"முதலாளிக்கு பையர் இங்கிலீசு மட்டுந்தான் வருமாட்ட இருக்குது" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மண்டபமே சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் ஆண்கள் பக்கம் அப்பா எழுந்தார். கையை நெஞ்சில் வைத்தார். பிறகு வாசலைக் காட்டினார். தறிக்காரர்கள் எல்லோருக்கும் அது புரிந்தது. அம்மாவுக்கும்தான். ஆனாலும் அவள் அசையவில்லை.

"கையில வேண்டாமுங்க. 'உங்கண்ணன் ஊட்டுச் சோத்துக்கே போ'ன்னு, தறியை நிறுத்திப்போட்டு அத்தனை பேரு கேக்கத்தான சொன்னீங்க. இதையும் கேக்கறாப்ல சொல்லுங்க."

சாமியார் புரொஜெக்டரை நிறுத்தினார். நாலு பேர் முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசியறியாதவர் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான். ஊட்டுக்கு வா."

கடைசி பெஞ்சு வரை கேட்டது.

ஆண்டவர்தான் அன்று எங்கள் குடும்பத்தை ஒன்று சேர்த்தார், அதற்கு மாமாவின் பொய்யையும் பயன்படுத்திக்கொண்டார் என்று இன்றைக்கும் உறுதியாக நம்புகிறேன். அன்றோ எனக்கு மாதாவின் மேல் கோபம். அவ்வளவு ஜெபம் செய்தும் கேட்கவில்லையே.

சாயங்காலம் துணிமணிகளை எடுத்துவர மாமா வீட்டுக்குப் போனோம். என்னுடையதை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க நேரமானது. அம்மாவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பதினைந்து நாளும் அவள் தன் பையைப் பிரிக்கவே இல்லை. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் அந்தப் பெரிய அலமாரியை அம்மாவுக்குத் திறக்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.