கோழிக்குப் பக்கத்தில் இஞ்சி

எண்பதுகளின் நடுவில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் வேலை செய்த தமிழ் அச்சகத்துக்குக் கல்யாண அட்டைகளைவிடச் சீன உணவகங்களின் மெனுக்கள்தான் அதிகம் வரும். அதற்கென்று முதலாளி ஒரு பழைய சீனத் தட்டச்சு இயந்திரம் வாங்கியிருந்தார். ஆயிரக்கணக்கான ஈய எழுத்துகள் பெரிய தட்டொன்றில் தனித்தனிக் குழிகளில் நிற்கும். வேண்டிய எழுத்தின் மேல் கைப்பிடியை நகர்த்தி அழுத்தினால், இயந்திரம் அதைத் தூக்கித் தாளில் அடித்துவிட்டுத் திரும்பக் குழியில் வைக்கும்.

அதில் அடித்தவர் ஹொங்கொங்கிலிருந்து வந்த பெண். அவருடைய தட்டைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். உறைந்த மை, தலைமயிர், பிஸ்கட் தூள். இயந்திரத்துடன் வந்த புத்தகத்தில் எழுத்துகளின் இடங்களைக் காட்டும் வரைபடம் இருந்தது. தட்டில் பாதி அதன்படி இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். புத்தகத்தில் உள்ளபடி இல்லாத எதுவும் எனக்கு அழுக்குத்தான்.

அவர் வராத ஒரு சனி, ஞாயிறில் எழுத்துகளை இடுக்கியால் பிடுங்கிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். இடவலம் மாறியிருந்த எழுத்துகளை முகக்கண்ணாடியில் காட்டி, வரைபடத்துடன் ஒப்பிட்டு அடுக்கினேன். சீனத்தில் ஓர் எழுத்தும் தெரியாமலே முடித்துவிட்டேன் என்று ஒரே பெருமை.

திங்கட்கிழமை அவர் தட்டைப் பாராமலே அடிக்கத் தொடங்கினார். நாலாவது எழுத்தில் கை நின்றது. கோழிக்குப் பக்கத்தில் இஞ்சி, மீனுக்குப் பக்கத்தில் பூண்டு என்று, மெனுவில் சேர்ந்து வருகிற எழுத்துகளை அவர் பல வருடமாக அருகருகே வைத்திருந்தாராம். எல்லாம் போய்விட்டது.

மதியமாகியும் ஒரு பக்கம் முடியவில்லை. முதலாளி வந்து, அவரைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"பின்னேரம் கடைக்காரன் வாறான். உவவுக்கென்ன, கை விறைச்சுப் போச்சே?"

"நான்தான் அண்ணை தட்டை மாத்தினனான். புத்தகத்திலை உள்ளபடி."

"அது! படிச்ச பிள்ளையின்ரை வேலை எண்டால் அதுதான். உவவுக்கு ஏலாட்டி நிப்பாட்டிப்போட்டு வேறை ஆளைப் பாப்பம்."

இப்போது என்மேலேயே எனக்குக் குமட்டியது.

"அண்ணை, உந்த எழுத்தை வாசிக்கத் தெரிஞ்சவ அவதான். நான் படம் பாத்து அடுக்கினனான்."

"பின்னேரம் மெனு வேணும். இல்லாட்டி ரெண்டு பேரும் வீட்டை போங்கோ."

அந்தப் பெண் இடுக்கியை என் பக்கம் தள்ளினார். விரலால் காட்டினார், நான் பிடுங்கி வைத்தேன். மெனுவுக்கு வேண்டிய எழுத்துகள் பழைய இடத்துக்கு வந்ததும், என்னைப் பார்த்தபடியே தட்டின் மேல் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். தூள் விழுந்தது. நான் பிரஷ்ஷை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.