வெயில் எந்தப் பக்கம்?

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலை பஸ் டெப்போவில் வழித்தடப் புகார்களைக் கேட்க ஒருவர் இருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, காக்கிச் சட்டை, கையில் மூடியிட்ட பேனா. ஆளை நம்பினால்தான் அந்த மூடியைத் திறப்பார் என்று சொல்வார்கள்.

கீழ்பென்னாத்தூர் காலை டவுன் பஸ் ஊர் ஊராகச் சுற்றியதில் என் மாணவர்கள் தினமும் பள்ளிக்குத் தாமதமாக வந்தார்கள். வழியை மாற்றச் சொல்லி, மேப் வரைந்து கொண்டுபோனேன். மேப்பை அவர் தொடவில்லை.

"அந்த பஸ்ல எந்தப் பக்கம் உக்காந்தா வெயில் அடிக்காது, சார்?"

பூகோள வாத்தியாரிடமா இந்தக் கேள்வி! "பஸ் மேற்கால வருது. வலது பக்கம்" என்றேன்.

"சரிதாங்க" என்றார். மூடி திறக்கவில்லை.

எனக்குப் பின்னால் கத்திரிக்காய்க் கூடையோடு ஓர் அம்மாள். அவருக்கும் அதே பஸ், அதே புகார். அவரிடமும் அதையே கேட்டார்.

"உக்கார்றதா? ஊரெல்லாம் சுத்தி ரொம்பி வருது. ஒத்தக் கால்ல நின்னுக்கினு வரேன், வெயிலைக் கேக்குறியே!"

உடனே பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

"நான் சொன்னதும் இதே புகார்தானே?" என்றேன் கோபமாக.

"நீங்க சொன்னது சரிங்க சார். ஆனா அந்தம்மா பஸ்ல வர்றாங்க."

நான் சைக்கிள்காரன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியை எங்கே பிடித்தார் என்று இன்றும் வியக்கிறேன்.

மறுநாள் அந்த அம்மாளின் ஊரில் அதே பஸ் ஏறினேன். இறங்கும்வரை என் முகம் யாரோ ஒருவரின் அக்குளில் இருந்தது. வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று எனக்குத் தெரியாது.