கற்பூரத்தின் முன்னால் அத்தாயி

மலைமேல் பைல் நாட்டில் முப்பது வீடுகளே உள்ள ஒரு சிற்றூர். அங்கே பிறந்த பிள்ளைகளையெல்லாம் முதலில் கையில் ஏந்தியவள் அத்தாயி. கேட்காமலே எந்த வீட்டு அடுப்படிக்குள்ளும் நுழையக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் குளிர்காய்ச்சல் ஒன்பது பேரைக் கொண்டுபோனது. அடுத்த வருஷம், அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி மிளகு வியாபாரி அப்பாஸ் அலி, குளிர்காய்ச்சலுக்கென்று தபாலாபீசில் விற்கும் கொயினா மருந்துப் பொட்டலங்களை மலைக்கு எடுத்துவந்தார். காய்ச்சல் அம்மன் கொடுப்பது, மருந்து தின்பவர் வீட்டுக்கு நெருப்பும் தண்ணீரும் கிடையாது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. எல்லாத் தலைகளும் ஆடின. அத்தாயியின் தலையும் ஆடியது.

ஐப்பசியில் அவளுக்கே நடுக்கம் கண்டது. யாருக்கும் தெரியாமல் அப்பாஸ் அலியிடம் வாங்கிய கொயினாவை விழுங்கிப் பிழைத்துக்கொண்டாள். ஊருக்குத் துரோகம் செய்தவள் தான் ஒருத்திதான் என்று கூனிக் குறுகிப்போனாள். பிறகு பிரசவத்துக்குப் போன வீட்டில் விளக்கெண்ணெய் தேடியபோது, கேழ்வரகுப் பானைக்குப் பின்னால் அதே பொட்டலம். இன்னொரு வீட்டில் கூரை இடுக்கில். தை பிறப்பதற்குள் பதினேழு வீடுகளில் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தான் மட்டுமே தப்பு செய்ததாக நினைத்து, வெளியே சொல்லிவிடாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தாயிக்கு மலைப்பாக இருந்தது. ஊரே ஊருக்குப் பயந்துகொண்டிருந்தது.

மாசியில் பொன்னாயியின் மகன் காய்ச்சலில் இறந்தான். யாரோ மருந்து தின்றதால்தான் அம்மனுக்குக் கோபம் என்று பேச்சு கிளம்பியது. ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி எல்லோரையும் கோயில் முன்னால் கூட்டிக் கற்பூரம் ஏற்றினார். மருந்து தின்னவில்லை என்று வீட்டுக்கு ஒருவர் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்யவேண்டும். முதலில் அத்தாயியைக் கூப்பிட்டார்.

“நான் தின்னேனுங்க மாமா,” என்றாள். “பொய்ச் சத்தியம் பண்ண எனக்குத் தைரியமில்லீங்க.”

மற்ற வீடுகளைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. கற்பூரம் பாதி கரைந்தது. பிறகு ராமாயி என்பவள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். அவள் பின்னால் ஒரு கிழவர். அப்புறம் கூட்டமே பெயர்ந்து வந்தது. கடைசியில் அர்த்தனாரியே தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கம் வந்து நின்றார்.

எதிரே பொன்னாயி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாரும் தின்னீங்களா? எனக்கு ஏனுங்க ஒருத்தரும் சொல்லல?”

அத்தாயி போய் அவளருகே மண்ணில் உட்கார்ந்தாள். பொன்னாயி எழுந்து போய்விட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் அர்த்தனாரியே ஆளனுப்பிக் கொயினா வாங்கிவரச் செய்தார். கோயில் முன்னால், பட்டப்பகலில் வரிசையாக நின்று தின்றார்கள். அந்த வருஷம் காய்ச்சலில் ஒரே ஒரு சாவுதான்.

பொன்னாயி இரண்டு வருஷம் அத்தாயியோடு பேசவில்லை. மறுபடி பிரசவ வலி கண்ட அன்று, அவளைத்தான் கூட்டிவரச் சொன்னாள்.